வெளியே போகும் காரணம்

அந்தக் குழி எதற்கு என்று சரசுவுக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்தாம் வருஷம். தொம்மலூருக்கு அப்பால், விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மழைக்காலத்தில் கொக்கு நிற்கும் குட்டை ஒன்று இருந்தது. அதில் ஊர்ப்பட்ட இடிபாட்டு மண்ணைக் கொட்டித் தூர்த்து, மேலே ரோடு ரோலரை ஓட்டி, ‘லேக் ப்ரீஸ் கோர்ட்’ என்று பலகை நட்டார்கள். ஏரியை மூடிவிட்டு அதற்கு ஏரிக்காற்று என்று பெயர் வைக்க ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். பெங்களூரில் அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் அப்போது அது தாராளமாக இருந்தது.

சரசு அங்கே சித்தாள். திருப்பத்தூர்ப் பக்கம் பிறந்து, ராஜேந்திரனைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வயதில் தொம்மலூருக்கு வந்தவள். அவன் கொத்தனார். அவன் சுவர் வைக்க, அவள் கலவை சுமந்தாள். நூற்றிருபது வீட்டுக்கு அஸ்திவாரம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு பெரிய குழியைத் தோண்டி, வீட்டு வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் குழிக்குள் கம்பி கட்டச் சொன்னார்கள். சரசு அதைத் தண்ணீர்த்தொட்டி என்று நினைத்தாள். இத்தனை குடும்பம் வரப்போகிறது, இந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள், அதனால் பெரிய தொட்டியாகக் கட்டுகிறான், நல்ல மனுஷன் என்று முதலாளியைப் பற்றி ஒரு மரியாதைகூட வந்தது. நீல டைல் வந்து இறங்கியபோதுதான் அந்த மரியாதை போயிற்று.

“அது தொட்டி இல்ல, ஸ்விம்மிங் பூல்” என்றான் ராஜேந்திரன்.

“குளிக்கவா? வீட்டுக்கு வீடு ரெண்டு பாத்ரூம் கட்டறோமே?”

“குளிச்சிட்டுதான் அதுல எறங்கணுமாம்.”

“எறங்கிட்டு?”

“மேல வந்து மறுபடி குளிக்கணுமாம்.”

சரசு கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

நான்காம் மாடிக்குக் கூரை போடுவதற்கு முன்பே குளம் முடிந்துவிட்டது. அதன் கரையில் கண்ணாடி வைத்த கிளப் ஹவுஸ் முடிந்துவிட்டது. நாலு தென்னை, பாதி வளர்ந்ததை வேரோடு பெயர்த்து லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்களில் வந்தவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போனார்கள். கையில் ஜூஸ் கொடுத்தார்கள். வீடு வாங்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தார்கள். சமையலறையில் அடுப்பு எந்தப் பக்கம் வரும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஓடுகிற மாதிரி ஓடி நின்ற இடத்திலேயே நிற்கும் மெஷின் எத்தனை வரும் என்று கேட்டார்கள்.

வீடுகள் சுருங்கியது சரசுவுக்குத் தெரியும். முதலில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை அழித்து, அறைக்கு ஒன்றரை அடி குறைத்து வேறு கோடு போட்டதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஏன் என்று ராஜேந்திரனிடம் கேட்டாள்.

“கிளப்பு, லிஃப்டு, மாடிப்படி எல்லாத்தையும் பங்கு போட்டு அவங்கவங்க வீட்டு அளவுல சேத்துடுவாங்கடி. ஆயிரத்து இருநூறு சதுரடின்னு வாங்குவான். உள்ள போயி டேப் புடிச்சா தொள்ளாயிரம்.”

“மீதி முந்நூறு?”

“பூல்ல முழுகிக் கெடக்குது. வேணும்னா போயி எடுத்துக்க வேண்டியதுதான்.”

கடைசியாக, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், மதில்சுவரை ஒட்டி இரண்டு கக்கூஸ் கட்டினார்கள். வேலைக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும். வரைபடத்தில் அது இருந்தால்தான் அனுமதி கிடைக்குமாம். அதற்கான செங்கல் முழுவதையும் சரசுவும் இன்னொருத்தியும் ஒரே பகலில் சுமந்து போட்டார்கள். ஜூஸ் குடிக்க வந்தவர்களில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த வேலை முடிகிற சமயத்தில் ராஜேந்திரன் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. அதன் பிறகு அவனால் ஏணி ஏற முடியாது. தொண்ணூற்றேழில் குடியிருப்பு திறந்தபோது பொது இடங்களைப் பெருக்கித் துடைக்க ஆள் எடுத்தார்கள். மூன்று வயது மகள் மகாவை மாமியாரிடம் விட்டுவிட்டு சரசு சேர்ந்தாள். மேனேஜர் நாராயணசாமி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், “முன்னாடி எங்க வேலை செஞ்சே?” என்று கேட்டார்.

“இங்கதான் சார்.”

“இங்கதான்னா?”

“இத கட்டற வேல.”

அவர் அதைப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ‘நில்’, அதாவது ஒன்றும் இல்லை, என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த ஆறு வருஷம் சரசு பார்த்ததை எல்லாம் சொன்னால் ராமாயணம். இரண்டாம் மாடிக்கு லிஃப்டில் ஏறி, செருப்பை மாற்றிக்கொண்டு, அதே லிஃப்டில் இறங்கி, ஜிம்மில் படி ஏறுகிற மெஷினில் அரைமணி நேரம் ஏறுவார்கள். நடைபாதையில் நடக்க அடுத்த பிளாக்கிலிருந்து காரில் வருவார்கள். நாய்க்கு முன் லிஃப்ட். வீட்டு வேலைக்காரிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பின் லிஃப்ட். பின் லிஃப்ட் கெட்டுப்போனால் ஒரு மாதம் படி. முன் லிஃப்ட் கெட்டுப்போனால் அவசரக் கூட்டம். பார்ட்டி ஹாலில் ஒருவர் மகனுக்குப் பூணூல், அதே நாளில் இன்னொருவர் மகளுக்குப் பிறந்தநாள் என்று இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டு, ஒரே ஹாலில் நடுவே துணி கட்டி இரண்டையும் நடத்தியதையும் அவள் பார்த்தாள். நீந்தத் தெரிந்தவர்கள் அந்த நூற்றிருபது வீட்டில் பத்துப்பேர்கூட இல்லை. குளத்தை எல்லாரும் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிவந்து காட்டினார்கள். கம்பெனிக்காரர்களுக்கு வாடகைக்கு விடும்போது அதைச் சொல்லித்தான் விட்டார்கள்.

லைஃப் கார்டு என்று ஒருவன் இருக்க வேண்டும் என்று விதி. அதனால் வாட்ச்மேன் சீனுவுக்கு மஞ்சள் பனியனும் விசிலும் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சீனு தொம்மலூர்ப் பையன்தான். சரசுவை அக்கா என்பான்.

“உனக்கு நீச்சல் தெரியுமாடா?” என்று அவள் கேட்டாள்.

“யாரும் கேக்கலக்கா.”

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. திறந்த மறு வருஷமே வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் கூடி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த இரண்டு கக்கூஸையும் பூட்டியது. பார்ட்டி ஹாலுக்கு வாடை வருகிறதாம். பிறகு பூட்டித்தானே கிடக்கிறது என்று பீங்கானைப் பெயர்த்து எடுத்துவிட்டு, குளத்துக்குப் போடும் குளோரின் டப்பாக்களையும் மடக்கிய டேபிள் டென்னிஸ் மேஜையையும் அங்கே வைத்தார்கள். கிளப் ஹவுஸில் சலவைக்கல் போட்ட கழிப்பறை இருந்தது. அதைத் தினம் இரண்டு வேளை தேய்த்துக் கழுவுவது சரசு. கழுவி முடித்ததும் சாவியை நாராயணசாமியிடம் ஒப்படைக்க வேண்டும். அதை அவள் உபயோகிக்கக் கூடாது.

பெருக்குகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சமைக்கிறவர்கள், பிள்ளை பார்க்கிறவர்கள் என்று நாற்பது பெண்கள் காலை ஆறரைக்கு வந்தால் மாலை நாலுக்குத்தான் போவார்கள். தொம்மலூர்க்காரிகள் இருபது நிமிஷம் நடந்து வீட்டுக்குப் போய்வந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அல்சூரிலிருந்து வந்த பெர்னதெத் மூன்று வீட்டில் சமைப்பவள். மட்டன் குருமாவுக்கு உப்பு பார்த்துவிட்டு வாயைக்கூடக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள், விழுங்கமாட்டாள். இரண்டாயிரத்து இரண்டில் ஒருநாள் அடுப்படியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். சிறுநீரகத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது மூன்றில் ஒரு வீட்டில் வேறு ஆள் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சரசு நாராயணசாமியிடம் போனாள். “சார், அந்தப் பின்னாடி ரூம தொறந்து உடுங்க. ஒண்ணு போதும்.”

“என் கையில இல்லம்மா. கமிட்டி சொல்லணும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

“எத அட்ஜஸ்ட் பண்றது சார்? மூத்தரத்தையா?”

நாராயணசாமி பட்டாளத்தில் பலதையும் கேட்டவர். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமிட்டி என்றால் செக்ரட்டரி வெங்கடராமன். பெரிய வங்கி ஒன்றில் மண்டல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்துப் பழைய குடும்பம். வீட்டில் செய்ய ஒன்றும் இல்லாததால் குடியிருப்பு முழுவதையும் வங்கிக் கிளையாக நினைத்து நடத்தினார். வாரம் ஒரு சுற்றறிக்கை. புல்வெளியில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது அவர் கொண்டுவந்தது. பால்கனியில் வெளியே தெரியும்படி துணி காயப்போடக் கூடாது என்பதும் அவர்தான். அவர் வீட்டு வேட்டி மட்டும் பின்பக்கத்துப் பால்கனியில் காய்ந்தது. கல்லூரியில் தான் நீச்சல் சாம்பியன் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அவரை யாரும் தண்ணீரில் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலில் குளத்துக்குப் புது டைல் போட்டு முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மறுதிறப்பு. மாவிலைத் தோரணம் கட்டி, தேங்காய் உடைத்து, இட்லி வடை ஏற்பாடு. வெங்கடராமன் நீல அரைக்கால் சட்டையும் தலையில் ரப்பர் தொப்பியுமாக வந்தார். முதல் ஆளாக அவர் குதிக்கப் போவதைப் படம் எடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. ஆழமான முனையில், எட்டடி என்று எழுதியிருக்கும் இடத்தில், கரையோரம் நின்று கையை மேலே தூக்கினார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சார்” என்றான் படம் எடுப்பவன். திரும்பினார். ஈர டைலில் கால் வழுக்கியது.

முதலில் எல்லாரும் கைதட்டினார்கள். குதித்துவிட்டார் என்று நினைத்தார்கள். ஒரு கை மேலே வந்தது. அதற்கும் கைதட்டினார்கள். அடுத்து தொப்பி மட்டும் வந்தது.

சீனு விசில் ஊதினான். விடாமல் ஊதினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

சரசு கரையில் சிந்திய தேங்காய்த் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருபது முழக் கிணற்றில், பம்ப் செட் மேடையிலிருந்து குதித்து வளர்ந்தவள். மாப்பைப் போட்டுவிட்டு, கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகி, அப்படியே பாய்ந்தாள். மூழ்குகிறவன் முன்னால் போகக் கூடாது, கழுத்தைக் கட்டிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் போய்த் தாடையைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் தண்ணீரைத் தள்ளி, ஏணிக்கு இழுத்து வந்தாள். நாராயணசாமியும் இன்னும் இருவரும் சேர்ந்து மேலே தூக்கிப் போட்டார்கள். வெங்கடராமன் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினார். ஒரு டாக்டர் ஓடி வந்தார். ஒருத்தி துவாலை கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினாள். சரசு ஏணியைத் தானே பிடித்து ஏறி, முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றாள். குளிர் உதறியது. பெர்னதெத் இட்லித் தட்டு மூடிவைத்திருந்த மேஜைத் துணியை உருவிக்கொண்டு வந்து அவள் தோளில் போட்டாள்.

“மேஜத் துணிய எடுத்ததுக்கு இன்னா சொல்லப் போறாங்களோ” என்றாள் பெர்னதெத்.

அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது மறுநாள். சேலையோடு ஒருத்தி இறங்கிவிட்டாள், அதுவும் எல்லா இடத்தையும் பெருக்குகிறவள், சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறது, தண்ணீரை மாற்ற வேண்டாமா என்று மூன்று வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் வீட்டுக் குழாய்களில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த நாளில் குளத்தை இறைத்துக் காலிசெய்து, பதினோரு டேங்கர் வரவழைத்து மறுபடி நிரப்பினார்கள். வாளியும் கையுமாக பால்கனியில் நின்று அதையும் பார்த்தார்கள். வெங்கடராமன் வாந்தி எடுத்ததைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவர் ஐந்து நாள் வெளியே வரவில்லை. ஆறாம் நாள் சுற்றறிக்கை வந்தது. பணியாளர்கள் எந்தக் காரணம் கொண்டும் குளத்தில் இறங்கக் கூடாது. சீனு அதை வாசித்துக் காட்டினான்.

“எந்தக் காரணம் கொண்டும்னா, அடுத்த தபா அவரு உழுந்தா?” என்று கேட்டாள் சரசு.

“அத போடலக்கா.”

அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. வேலை நேரத்தில் வாசலைத் தாண்டிப் போகும் பணியாளர்கள் கேட்டில் உள்ள நோட்டில் பெயர், போகும் நேரம், வரும் நேரம், வெளியே போகும் காரணம் எழுத வேண்டும். பையைச் சோதனை போடுவார்கள், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அவமானப்பட்ட மனுஷனுக்கு யாரையாவது எங்கேயாவது சோதனை போட்டால்தான் ஆறும் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வெங்கடராமனின் மனைவி ராஜலக்ஷ்மி சரசுவை மேலே கூப்பிட்டாள். அவர் தூங்குகிற மத்தியான வேளை. கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள். கட்டிக் கட்டி மடிப்பில் விட்டுப்போன புடவை.

“நீ மட்டும் இல்லேன்னா நேக்கு இன்னிக்கு என்ன கதியோ. அவர் வாயால சொல்லமாட்டார். நான் சொல்றேன். இத வாங்கிக்கோ. வேற என்ன வேணும் சொல்லு.”

“கக்கூஸு வேணும்மா.”

ராஜலக்ஷ்மிக்குப் புரியவில்லை. “உங்க ஆத்துலயா?”

“இங்க. எங்களுக்கு.”

“இத்தன நாளா நீங்கள்ளாம் எங்க போயிண்டிருந்தேள்?”

ஆறு வருஷமாக அவள் வீட்டில் மூன்று பெண்கள் வேலை செய்திருக்கிறார்கள். அவளுக்கே சர்க்கரை, இரவு நாலு தடவை எழுந்து போகிறவள். அந்தக் கேள்வி அவளுக்கு அன்றுதான் தோன்றியது. சரசு சொன்னாள். பின்னாடி ரூம், பீங்கானைப் பெயர்த்தது, பெர்னதெத்துக்குச் சீழ் வைத்தது, எல்லாம் சொன்னாள்.

ராஜலக்ஷ்மி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ வேணும்னா எங்காத்து பின்கட்டு பாத்ரூமை யூஸ் பண்ணிக்கோ. யார்கிட்டயும் சொல்லாதே” என்றாள்.

“நாப்பது பேரும் வரலாமாம்மா?”

சரசு புடவையை வாங்காமல் இறங்கி வந்தாள். படி இறங்கும்போது, வாங்கியிருக்கலாம், மகாவுக்குப் பாவாடை தைத்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த எண்ணத்தின்மேலும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் பத்து நாற்பதுக்கு அவள் கேட்டுக்கு வந்தாள். குளம் மூடியிருக்கும் நேரங்களில் சீனுவை நோட்டில் உட்காரவைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவு.

“காரணம் என்னன்னு போடட்டும்க்கா? பர்சனல்னு போடறேன். எல்லாரும் அதான் சொல்றாங்க.”

“அது இன்னா?”

“சொந்த வேல.”

“சொந்த வேலயா? நான் இன்னா சினிமாவுக்கா போறேன்? உள்ளத எழுது.”

“எப்டிக்கா அத எழுதறது?”

“நீ படிச்சவன்தானே? அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்த இல்லயா?”

சீனு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுதினான்: யூரின். சரசு அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இதேதானா? வேற ஒண்ணும் இல்லயே?”

அன்று மாலை பின் லிஃப்ட் வாசலில் எல்லாரிடமும் சொன்னாள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, “வெக்கமா இருக்குதுக்கா” என்றாள். “அடக்கி அடக்கி ஆஸ்பத்திரில படுத்துக்கினு, அங்க டாக்டர் முன்னாடி துணிய அவுத்தேனே, அப்ப எனக்கு வெக்கமா இல்லயா?” என்றாள் பெர்னதெத். அதற்கப்புறம் யாரும் வெட்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாளிலிருந்து நாற்பது பேரும் போனார்கள். தொலைவில் இருந்தவர்களைத் தொம்மலூர்க்காரிகள் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சரசுவின் சந்தில் இருந்த ஒரே கழிப்பறையில் காலையிலும் மத்தியானத்திலும் வரிசை நின்றது. ராஜேந்திரன் வாசலில் உட்கார்ந்து வாளியில் தண்ணீர் பிடித்துவைத்தான். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். நோட்டில் பக்கம் பக்கமாக அதே ஒரு வார்த்தை இறங்கியது. சீனு முதலில் கூச்சப்பட்டான். இரண்டாம் வாரம் மேலே ஒன்று எழுதிவிட்டுக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தான். சரசு விடவில்லை. ஒவ்வொருத்திக்கும் முழுசாக எழுத வைத்தாள். ஜூன் முடிவதற்குள் மூன்று நோட்டு தீர்ந்தது.

ஆகஸ்டில் வருடாந்திரக் கூட்டம். பார்ட்டி ஹாலில் நாற்காலி போட்டு, காப்பி கொடுக்க சரசுவும் பெர்னதெத்தும் நின்றார்கள். தேஜஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், அந்த வருஷம்தான் வீடு வாங்கியவன், எழுந்தான். வேலைக்காரர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் வெளியே போகிறார்கள், இதனால் நம் எல்லாருக்கும் எத்தனை மணி நேரம் நஷ்டம் என்று ஒரு பட விளக்கம் கொண்டுவந்திருந்தான். சுவரில் வண்ண வண்ணமாகத் தூண்கள் எழும்பின. “எதுக்குப் போறாங்கன்னு ரிஜிஸ்டர்ல இருக்குமே? ரீட் பண்ணச் சொல்லுங்க” என்றான்.

நாராயணசாமி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செக்ரட்டரியைப் பார்த்தார். வெங்கடராமன், “படியும்” என்றார். அவர் கட்டளையிட்ட நோட்டை அவரே ஒருமுறையும் திறந்ததில்லை.

“பத்து நாற்பது. சரசு. காரணம்...” நாராயணசாமி தொண்டையைச் செருமினார். “யூரின்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“பத்து நாற்பத்தஞ்சு. பெர்னதெத். யூரின். பத்து ஐம்பது. வள்ளியம்மா. யூரின்.”

சிரிப்பு பெரிதாயிற்று. நாராயணசாமி பட்டாளத்துக்காரர், நிறுத்து என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டார். பக்கத்தைத் திருப்பினார். பதினொன்று. பதினொன்று பத்து. இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது பக்கத்தில் நாற்காலிகள் அசையும் சத்தம்தான் கேட்டது. குழந்தைகளை ஹாலை விட்டு வெளியே அனுப்பினாள் ஒருத்தி. காப்பித் தட்டோடு நடுவில் நின்ற சரசுவை ஒருவர் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன் சார். அஞ்சு வருசமா சொல்றேன். எழுதிக் குடுத்தாதான் உங்களுக்குக் காது கேக்கும்னு இப்பதான் தெரிஞ்சிது.”

அதற்கும் ஆட்சேபம் சொல்ல எழுந்தார்கள். பின்பக்கம் கழிப்பறை என்றால் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மதிப்பு என்ன ஆகும் என்று ஒருவர். பொது இடத்தை மாற்ற முக்கால்வாசிப் பேர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் பேசினார் இன்னொருவர். டேபிள் டென்னிஸ் மேஜையை எங்கே வைப்பது என்று உண்மையாகவே கவலைப்பட்டார் ஒருவர். அந்த மேஜையில் யாரும் ஆடி நாலு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் கூட்டத்தில் வாயைத் திறக்காத ராஜலக்ஷ்மி அப்போது எழுந்தாள்.

“சாங்ஷன் ஆன ப்ளான்லயே அது டாய்லெட்தான். மாத்தினது இவர். மாத்தறச்சே யார்கிட்ட கையெழுத்து வாங்கினார்?” கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “உங்களைத் தண்ணிலேர்ந்து தூக்கினவளுக்கு ஒதுங்க ஒரு இடம் இல்ல. நேக்கு இந்த ஹால்ல உக்காரவே கூசறது.”

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்தார்.

கூட்ட முடிவில் கக்கூஸைத் திறக்கவில்லை. அதை ஆராய ஐந்து பேர் கொண்ட துணைக் குழு ஒன்றைத் திறந்தார்கள். அது ஏழு தடவை கூடியது. ஏழு தடவையும் காப்பி கொடுத்தது சரசு. நோட்டில் எழுத வைப்பதைப் பெண்கள் நிறுத்தவில்லை. ஐந்தாவது நோட்டு வாங்கக் கடைக்குப் போன அன்று நாராயணசாமியே குழுவிடம், “ஐயா, இதுக்கு மேல நோட்டு வாங்க எனக்கு மனசு இல்ல” என்றாராம். நவம்பரில் குளோரின் டப்பாக்களை வெளியே எடுத்தார்கள். பீங்கான் பதித்தார்கள். கதவில் ‘சர்வீஸ் ஸ்டாஃப் மட்டும்’ என்று பலகை. குழாயில் முதல் மாதம் தண்ணீர் வரவில்லை. கிளப் ஹவுஸ் குழாயிலிருந்து சரசு வாளியில் கொண்டுபோய் ஊற்றினாள். வெங்கடராமன் மறுவருஷம் தேர்தலில் நிற்கவில்லை. வழியில் சரசுவைப் பார்த்தால் லிஃப்ட் பொத்தானை உற்றுப் பார்ப்பார்.

கொஞ்ச நாளில் வீடு விற்கும் புரோக்கர்கள் அந்தக் கதவையும் காட்ட ஆரம்பித்தார்கள். பூல், ஜிம், கிளப் ஹவுஸ், பேக்கப் பவர், தனி ஸ்டாஃப் டாய்லெட் என்று விளம்பரத்தில் வந்ததைச் சீனு வாசித்துக் காட்டினான். “இங்க வேலையாளுங்க நின்னு நெலச்சு வேல செய்வாங்க சார், அவ்ளோ வசதி” என்று ஒரு புரோக்கர் சொல்லிக்கொண்டிருந்தபோது சரசு உள்ளே கழுவிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து காட்ட வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் வெளியே வா என்றான். அவள் நிதானமாகக் கழுவி முடித்துவிட்டே வந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஒயிட்ஃபீல்டு போகும் வழியில் இருபது மாடிக் கட்டடம் ஒன்று வந்தது. நாற்பத்திரண்டு வசதிகள் என்று சாலையோரம் பெரிய பலகை. நாய்களுக்குத் தனிப் பூங்கா, தியானம் செய்யத் தனி அறை, காரைக் கழுவத் தனி மேடை. அங்கே வேலை மேற்பார்வைக்கு அனுபவம் உள்ள பெண் வேண்டும் என்று பெர்னதெத் மூலமாகக் கேட்டனுப்பினார்கள். சரசு போனாள். சுப்ரியா என்று ஒரு சின்னப் பெண் மேனேஜர். முந்தைய வேலை, சம்பளம், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?” என்றாள்.

“எங்களுக்குக் கக்கூஸு எங்க இருக்குது?”

சுப்ரியா வரைபடத்தை மேஜையில் விரித்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். நாய்ப் பூங்கா கண்ணில் பட்டது. கேட்டது கண்ணில் படவில்லை. “அது... மேல கேட்டுச் சொல்றேன். இப்போதைக்கு ஸ்வல்ப அட்ஜஸ்ட்...”

சரசு எழுந்து வந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. “ரெண்டு கட்டறோம்னு சொல்லிட்டாங்க. எப்ப ஜாயின் பண்றீங்க?” என்றாள் சுப்ரியா.

“மொத்தம் எத்தினி பொம்பளைங்க வேலைக்கு வருவாங்க?”

“அறுபது, எழுபது பேர்.”

“அப்ப ரெண்டு பத்தாது. நாலு கட்டி, தண்ணி வருதான்னு பாத்துட்டு கூப்புடுங்க.”

மறுபடி கூப்பிட இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவள் லேக் ப்ரீஸிலேயே வேலை செய்தாள்.